கிணற்றில் விழுந்த மானும் என் வீட்டுக்காரரும்

இலங்கையில் நாங்கள் போன ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் சிறுத்தையைப் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் என் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் முழுக்க வேர்த்திருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "மல்லி, எனக்கு என்னவோ பண்ணுது" என்றார்.

டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். "பயப்படாதீர்கள், குலுங்காமல் ஓட்டுகிறேன்" என்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார். சொன்னபடியே ஓட்டினார். அந்தக் காட்டுப் பாதையை அவ்வளவு மெதுவாகவும் அவ்வளவு வேகமாகவும் எப்படி ஓட்டினார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்தார்.

பிழைத்து வந்தார் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் தாம்பரம் வீட்டுக்குத் திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். லீவு கிடைத்தால் காடு, காடு இல்லையென்றால் ஏரி என்று அலைந்தவர், இப்போது மாடிப்படியின் முதல் திருப்பத்திலேயே நின்று, இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தார். டாக்டர் ஒவ்வொரு தடவையும், "எல்லாம் நல்லா இருக்கு சார், நடங்க, வெளியூர் போங்க" என்றார். இவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. போங்க போங்க என்று வாயால் சொல்வேன். அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, சிறுவாச்சூர் காளிக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். தை பிறந்ததும் அதையே சாக்காக வைத்து அவரைக் கிளப்பினேன். என் பிறந்த ஊர் உடையார்பாளையத்துக்குப் பக்கம். மேடு பள்ளம் இல்லாத பூமி. அண்ணன் வீடு இருக்கிறது. கரைவெட்டி ஏரியில் அப்போது பறவைகள் வந்திருக்கும். ஜீப் ஏற வேண்டாம், கரையில் நின்றாலே பார்க்கலாம். "வரலாமே" என்றார், பல் டாக்டரிடம் போகிறவர் மாதிரி.

அரியலூர் ஸ்டேஷனில் அண்ணன் தன் பழைய காரோடு நின்றார். இவர் கையில் இருந்த பையை நான் வாங்கினேன். என் கையில் இருந்ததை அண்ணன் வாங்கினார். "வாங்க மாப்ள. ஒடம்பு எளைச்சுட்டீங்க, ஆனா பாக்க நல்லாத்தான் இருக்கீங்க" என்றார். வழியெல்லாம் சிமென்ட் லாரிகள். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் நான் இவர் பக்கத்து ஜன்னலை ஏற்றினேன், தாண்டியதும் இறக்கினேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவரே ஏற்றி அப்படியே விட்டுவிட்டார். அதன் பிறகு முந்திரிக் காடுகள் வந்தன. ஏற்றிய கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்களுக்கெல்லாம் நாட்டுக்கோழிக் குழம்பு. இவருக்கு மட்டும் இட்லி, இடியாப்பம், அவித்த காய். "அண்ணே, உங்களுக்கு எண்ணெயே காட்டாம எல்லாம் ஆவியிலயே பண்ணிட்டேன்" என்று அண்ணி பெருமையாகச் சொன்னாள். வைத்ததை அப்படியே சாப்பிட்டார். முன்பெல்லாம் இந்த வீட்டுக் குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிட்டவர். அவர் கோபித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

காலையில் மயில் சத்தத்தில் எழுந்தோம். நான் சிறுமியாக இருந்தபோது இந்தப் பக்கம் மயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலில் வேலவன் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். இப்போது கொல்லையில் கோழியோடு கோழியாக மேய்கிறது. "உங்களுக்கு அது போட்டோ, எங்களுக்கு அது வெள்ளாமை நட்டம்" என்று அண்ணன் புலம்பினார். "வெதைச்சத பூராத்தையும் கிண்டிட்டுப் போயிடுதுவ. ஒண்ணும் செய்ய முடியாது. வெரட்டுனா வூட்டுக் கூரை மேல ஏறி நின்னுகிட்டு நம்மளையே பாக்குது." இவர் லேசாகச் சிரித்தார். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

கரைவெட்டியில் தண்ணீர் ததும்பி நின்றது. தூரத்தில் கூழைக்கடாக்கள் படகு மாதிரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. இன்னும் தள்ளி, சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம். "வரித்தலை வாத்து" என்றார் இவர். "இமயமலையத் தாண்டி வருது." பைனாகுலரை எடுத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கரையில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பக்கம் போனா இன்னும் கிட்டத்துல தெரியும்ங்க" என்றேன்.

"இங்கேருந்தே தெரியுது."

பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து நின்றது. "இம்புட்டுத் தூரம் வந்தது வாத்து பாக்கவா? கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தா கோயிலாவது பாத்திருக்கலாம்" என்று அந்த அம்மாள் தன் கணவரைக் கேட்டாள். வேறு ஒரு நாளாக இருந்தால் இவர் அந்த அம்மாளைக் கூப்பிட்டு, பைனாகுலரைக் கையில் கொடுத்து, வாத்தின் தலையில் உள்ள இரண்டு கறுப்புக் கோடுகளைக் காட்டாமல் விட்டிருக்க மாட்டார். அன்று காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களப் பாத்தா, பொழச்சு வந்த மாதிரியே இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நிதானமாகத் திரும்பினார். "நீ என்னை ஒரு படி ஏற விடுறியா? ஒரு பையைத் தூக்க விடுறியா? நான் தும்மினாக்கூட நீ எழுந்து நிக்கிற. பயந்து கெடக்கறது நான் மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருக்கியா?"

வீடு திரும்பும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அண்ணன்தான் பாவம், எங்கள் மௌனத்தை நிரப்புவதற்காக முந்திரி விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் அம்மன் சன்னிதி திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அண்ணி அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, ஒரு தூக்குச்சட்டியில் வைத்துக் கொடுத்தாள். அண்ணன், இவர், நான், மூன்று பேரும் கிளம்பினோம்.

அரியலூரைத் தாண்டியதும் ஒரு புளியமர வளைவு வரும். அங்கே அண்ணனும் நானும் எப்போதும் பேச்சை நிறுத்திவிடுவோம். எங்கள் அப்பாவின் உயிர் அந்த இடத்தில்தான் போனது. விடிகாலை நெஞ்சு வலி என்றார். எங்கள் ஊரில் அப்போது கார் வைத்திருந்தவர் வெளியூர் போயிருந்தார். மாட்டு வண்டியில் ரோடு வரை கொண்டுவந்து, ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, பெரம்பலூரில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று போனார்கள். அம்மா மடியில் தலை. நான் வீட்டில் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. என் கணவர் இப்போது அப்பாவின் அந்த வயதில் இருக்கிறார். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. அவர் கணக்குப் போட்டிருக்க மாட்டாரா என்ன?

கோயிலில் கூட்டம். மாவில் குழி செய்து நெய் விட்டுத் திரி போட்டேன். பூசாரி பெயரும் நட்சத்திரமும் கேட்டார். சொன்னேன். சுடர் நன்றாகவே நின்று எரிந்தது. வேண்டுதல் முடிந்துவிட்டது, இனி மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். வெளியே வந்து செருப்பு போடுவதற்காக இவர் குனிந்தபோது என் கை தானாகவே அவர் முதுகுக்குப் போனது. அவ்வளவுதான் லேசானது.

திரும்பும்போது அண்ணனுக்கு ஒரு யோசனை. "செட்டிகுளம் பக்கம் போனா சின்ன வெங்காயம் காட்டுலயே வாங்கிடலாம், கடையில வாங்குறதுல பாதிதான்" என்றார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு மண் பாதையில் போய், பாதி வழியில் பட்டென்று உட்கார்ந்தது. டயர் பஞ்சர். பின்னால் திறந்து மாற்று டயரைப் பார்த்தார். அதிலும் காற்று இல்லை.

"மாத்தணும்னு நெனச்சுகிட்டேதான் இருந்தேன்" என்றார் அண்ணன். பஞ்சர் ஒட்டுகிறவரைப் போனில் பிடித்தார். "வந்துட்டே இருக்கேன்" என்றாராம் அவர். அப்படிச் சொன்னால் இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம்.

அப்போதுதான் கூச்சல் கேட்டது. சோளக் காட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் ஒரு கிணற்றைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வரப்பு வழியே போனோம். ஒரு பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரி அவள்தான், பெயர் பழனியம்மா.

"மான் உழுந்துருச்சுங்க. நாயிங்க தொரத்திட்டு வந்துச்சு. ஓடுன வேகத்துல கெணறு இருக்கறது தெரியாம அப்படியே உள்ள போயிருச்சு" என்றாள். தீயணைப்பு ஆபீசுக்குச் சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறார்களாம்.

எட்டிப் பார்த்தேன். படி இடிந்த பெரிய சதுரக் கிணறு. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே தண்ணீர். ஒரு புள்ளிமான், கொம்பில்லாத பெட்டை, சுவரை ஒட்டி நீந்திக்கொண்டிருந்தது. மூக்கும் காதும் மட்டும் வெளியே. சுவரில் காலைப் போடும், பிடி கிடைக்காமல் சரியும், மறுபடி நீந்தும். மேலே இருந்தவர்கள் அதை ஒரு மூலைக்குத் திருப்புவதாக நினைத்துக் கைதட்டிக் கத்தினார்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் அது சுவரில் முட்டியது.

"கத்தாதீங்க!"

யார் என்று திரும்பினேன். என் கணவர். பல மாதங்களாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

"ஒருத்தரும் சத்தம் போடாதீங்க. பயத்துலயே செத்துரும். தள்ளி நில்லுங்க, அது கண்ணுல படாதீங்க."

எல்லோரும் அடங்கினார்கள். தண்ணீர் அலம்பும் சத்தமும் மானின் மூச்சும் மட்டும் கேட்டன. அதன் நீச்சல் தளர்ந்துகொண்டு வந்தது. ஒரு தடவை மூக்கு தண்ணீருக்குள் போய்விட்டு வந்தது.

"அவங்க வர்ற வரைக்கும் தாங்காது" என்றார் இவர். சுற்றுமுற்றும் பார்த்தார். மோட்டார் கொட்டகைக்கு வெளியே ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. "அந்தக் கட்டிலோட நாலு காலிலயும் கயிறு கட்டி இறக்கினா, அது மேல காலை வச்சுக்கிட்டாவது நிக்கும். கயிறு இருக்கா?"

"மோட்டார் தூக்குற கயிறு கெடக்குதுங்க" என்று பழனியம்மாவின் கணவர் சின்னசாமி ஓடினார்.

கட்டிலை இறக்கினார்கள். கொட்டகைப் பக்கத்து இரண்டு கயிறுகளையும் கல் தூணில் சுற்றிக் கட்டியாகிவிட்டது. சின்னசாமி அங்கே நின்று பார்த்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் வெறும் வரப்பு, கட்டுவதற்கு ஒரு செடிகூட இல்லை. ஒரு கயிற்றை அண்ணன் பிடித்துக்கொண்டார். மற்றொன்றை இவர் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி நின்றார். மற்றவர்களைக் கிட்டே வர வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார்.

நான் வரப்பில் குனிந்து அவர் பின்னால் போனேன். "என்கிட்ட குடுங்க."

அவர் திரும்பவில்லை. "நீயும் பிடிச்சுக்கோ. குடுன்னு மட்டும் கேட்காத."

வாய் வரை என்னென்னவோ வந்தது. டாக்டர் சொன்னது, அப்பா, புளியமரம், எல்லாம். ஒன்றையும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நின்று, கயிற்றின் வாலை இரண்டு கையாலும் பிடித்தேன்.

மான் முதலில் கட்டிலைக் கண்டு விலகிப் போனது. சுற்றி வந்தது. மறுபடி விலகியது. பிறகு, இனி வேறு வழியில்லை என்பது போல, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் கட்டிலின் மேல் போட்டது. கயிறு வெடுக்கென்று இழுத்தது. இவர் முதுகு வளைந்து, பிறகு நிமிர்ந்தது. எங்கள் நாலு கைக்கும் அந்தக் கனம் தெரிந்தது. மான் தலையைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் பக்கத்துக் கயிற்றிலிருந்து, "மாப்ள, முடியுதா?" என்று கிசுகிசுத்தார். "முடியுது" என்றார் இவர். கொஞ்சம் கழித்து இவர், "மச்சான், உங்களுக்கு?" என்றார். "எனக்குத்தான் முடியல" என்றார் அண்ணன். இவர் தோள் குலுங்கியது. எட்டி முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு வண்டியால் மண் பாதையின் முனை வரைதான் வர முடிந்தது. அங்கிருந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். வனத்துறைக் காவலர் ஒருவரும் கூட வந்தார். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். "துண்ட நனைச்சு அது கண்ண மூடிடுங்க, அடங்கிரும்" என்று மேலிருந்து இவர் மெதுவாகச் சொன்னார். "தெரியும் சார்" என்று கீழிருந்து பதில் வந்தது. அவர் ஏற்கனவே தோளில் துண்டோடுதான் இறங்கியிருந்தார்.

வலை மானைச் சுற்றியது. "சார், இப்ப விடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒருவர் இவர் கையிலிருந்து கயிற்றை வாங்க வந்தார். இவர் விடவில்லை. விடமாட்டேன் என்று இல்லை, விரல் பிரியவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

மேலே கொண்டுவந்து, தூரத்தில் தெரிந்த கரட்டுக் குன்றைப் பார்த்த பக்கமாகத் தரையில் கிடத்தி, வலையை விலக்கினார்கள். கண்ணில் இருந்த துண்டை எடுத்தார்கள். அது எழவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. பழனியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்க" என்றார் காவலர். எல்லோரும் இன்னும் பின்னால் போனோம். ஒரு காது அசைந்தது. பிறகு, எப்போது எழுந்தது என்றே தெரியவில்லை, எழுந்து நின்றது. ஒரு தடவை தள்ளாடியது. அடுத்த நொடி சோளக் காட்டுக்குள் இருந்தது. தட்டைகள் சடசடவென்று விலகிக்கொண்டே போன சத்தம் கரட்டுப் பக்கம் போய் அடங்கியது.

"போய்ச் சேந்துரும்" என்றார் காவலர்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் திரும்பினால் இவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க ஈரம். இரண்டு விரல் மணிக்கட்டில்.

ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தேன். "என்னங்க? என்ன பண்ணுது?"

எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்தார். "வேகமா அடிக்குது. வேலை செஞ்சா அடிக்கிற மாதிரிதான் அடிக்குது. வேற ஒண்ணும் இல்ல." என்னைப் பார்த்தார். "மல்லி, எனக்கு ரொம்பப் பசிக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. பழனியம்மா வந்து என் தோளைப் பிடித்தாள். "ஏம்மா அழுவுற? மான்தான் நல்லபடியா போயிடுச்சே."

"மானுக்கு இல்லீங்க" என்றேன்.

அவள் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாங்க, சாப்டுட்டுப் போவலாம்" என்றாள்.

கொட்டகை நிழலில் சோறும், முழு முழுச் சின்ன வெங்காயம் போட்ட புளிக்குழம்பும், மோரும் கொடுத்தாள். குழம்பின் மேல் எண்ணெய் மிதந்தது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருவழியாகப் பஞ்சர் ஒட்டுகிறவர் வந்து சேர்ந்தார். அவர் டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். கயிறு அறுத்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அப்பாவுக்கு அன்னிக்கு வண்டி கெடைக்கல, புள்ள. அதான் நடந்தது. மாப்ளைக்குக் கெடச்சுது, டாக்டரும் கெடச்சாரு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத."

இத்தனை வருஷத்தில் அப்பாவைப் பற்றி அவர் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. "நான் கொழப்பிக்கறேன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"கார் கண்ணாடிய ஏத்தி ஏத்தி எறக்குனியே, அப்பவே தெரியாதா?"

பழனியம்மாவிடம் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கினோம். வண்டிக்கு இவர் ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமுமாகத் தூக்கிவந்தார்கள். புளியமர வளைவில் அன்றைக்கு நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை. மூன்று பேரும் அந்த மானைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் அந்த இடம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவரே அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி கரைவெட்டி போனார். நான் போகவில்லை. அண்ணியோடு வாசலில் உட்கார்ந்து வெங்காயத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கரையைச் சுற்றி நடந்துவிட்டு, மூக்கெல்லாம் வெயிலில் கறுத்து வந்தார்கள். வாத்துக்களின் தலைக்கோட்டை அண்ணன் அண்ணிக்கு விளக்கினார். "ரெண்டு கோடு போட்டுருக்கு புள்ள, நம்ம அணில் மாதிரி" என்றார். இவர் திருத்தவில்லை.

திங்கட்கிழமை அரியலூரில் ரயில் ஏறினோம். எனக்கு ஜன்னல் ஓரம். வண்டி நகர்ந்ததும் சிமென்ட் ஆலைப் புகைபோக்கிகளைப் பார்த்த நினைவு இருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண் விழித்தேன். வண்டி ஒரு ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்தது. இவர் நடைபாதையில் நின்றுகொண்டு இரண்டு காகிதப் பொட்டலங்களை வைத்திருந்தார். நறுக்கிய கொய்யாக்காய்.

"இது எந்த ஊரு?"

"விருத்தாசலம்."

"நீங்க எப்ப கீழ எறங்கினீங்க? ஏன் என்னை எழுப்பல?"

"எதுக்கு எழுப்பணும்? எறங்கவும் தெரியும், ஏறவும் தெரியும் எனக்கு." ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "இந்தா. உன்னோடதுல உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டிருக்கு. என்னோடதுல வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே என்னைத் தாண்டிப் பார்த்தார். தந்திக் கம்பியில் என்னவோ உட்கார்ந்திருக்கிறது என்றார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது.